கணினி நினைவகமும் செய்தி விடுக்கும் கருவியும்

கணினியொன்று பிறிதொரு கணினிக்குச் செய்தி விடுக்கும் வகையினை ஆராய்வோர் பெரும்பாலும் கம்பியையும் அதன்வழிச் செல்லும் மின் சைகையையுமே எண்ணுவர். ஆயின், கம்பியை அடையுமுன் கணினியின் உள்ளேயே அச்செய்தி ஒரு கைமாற்றத்துக்கு உட்படுகின்றது. அக்கைமாற்றம் பிழைபடின் செய்தி கெடுவதோடு, விடுக்கக் கருதாத பிறிதொன்று வெளிச்செல்லவுங் கூடும். அதன் இயல்பை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈதர்நெற் முறை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் உரோபேட் மெற்காவ் என்பவரால் வகுக்கப்பட்டது. அம்முறைக்கென எழுந்த எளிய அட்டைகள் சில தமக்கெனச் சிறு நினைவகம் உடையன. மையச் செயலியே செய்தி முழுவதையும் அதனுட் பெயர்த்தெழுதவேண்டும். அதன் காலம் இதிலே கழிந்துவிடும். கருவி தானே கணினியின் பிரதான நினைவகத்தினுட் புகுந்து செய்தியை எடுத்துக்கொள்வது மற்றைய முறை. அங்ஙனம் எடுத்தற்பொருட்டுச் செய்தி வைக்கப்படும் இடத்தை இடையகம் என்பர்.

1980களில் அட்வான்ஸ்ட் மைக்குரோ டிவைசஸ் நிறுவனத்தார் வெளியிட்ட லான்ஸ் என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். பழையதாயினும், கற்பித்தற்கு இதனினும் ஏற்றதொன்றை யான் அறியேன். இங்கு எட்டுப் பைற்று நீளமுள்ள விவரக்குறிப்புகள் நினைவகத்தில் வரிசையாக அமைக்கப்படும். ஒவ்வொன்றும் ஓர் இடையகத்தின் முகவரியையும் நீளத்தையும் கூறும். இறுதிக் குறிப்பை அடுத்து முதற்குறிப்பே மீண்டும் வருதலின் இவ்வரிசை வளையம் எனப்படும். ஒரு வளையத்தில் 128 குறிப்புகள் வரை அமையலாம்.

குறிப்பு ஒவ்வொன்றிலும் உடைமையைக் காட்டும் பிற்று ஒன்று உண்டு. முறையின் உயிர்நிலை இதுவே. அது 1 ஆயின் இடையகம் கருவிக்குரியது. 0 ஆயின் மென்பொருளுக்குரியது. உடையவரல்லாதார் அதனைத் தொடலாகாது. தபாற் பெட்டியில் இட்ட கடிதத்தை, எழுதியவரே ஆயினும், எடுத்துத் திருத்த இயலுமோ? கருவி 1.6 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தனக்குரிய குறிப்பு உண்டோ என்று பார்க்கும். அவசரமாயின் உடனே பார்க்குமாறு மென்பொருள் பணிக்கலாம். விடுத்து முடிந்தபின், கருவி அதன் பேற்றைக் குறித்து, உடைமைப் பிற்றை 0 ஆக்கும். அதன் பின்னரே அவ்விடத்தை மென்பொருள் வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம்.

ஒரு செய்தி இரண்டு மூன்று இடையகங்களிற் பரந்து கிடப்பதும் உண்டு. அப்போது குறிப்புகளை எவ்வரிசையில் ஒப்படைப்பது? முதலாவதை முதலிலே கொடுப்பின், கருவி உடனே விடுக்கத் தொடங்கிவிடும். இரண்டாவதை நாடும்போது அது இன்னும் மென்பொருளின் உடைமையாயிருக்கக் காணும். சட்டகம் இடையில் அறும். ஆதலின் பின்னுள்ளவற்றை முன்னரும், முதலாவதை இறுதியிலும் ஒப்படைத்தல் வேண்டும். இன்றைய செயலிகள் பல, எழுத்துக்களின் வரிசையைத் தாமே மாற்றவும் வல்லன. ஆகையால், 'முன்னையவை முடியுமட்டும் பின்னையதைச் செய்யற்க' என்னும் தனிக் கட்டளையும் வேண்டப்படும்.

வேறொரு தடையும் உளது. லான்ஸின் உள்ளே 48 பைற்று மாத்திரமே தங்கும். செக்கனுக்கு 10 மெகாபிற்று என்னும் வேகத்தில் இது 38.4 மைக்குரோசெக்கனுள் தீர்ந்துவிடும். அதற்குள் நினைவகத்திலிருந்து அடுத்த பகுதி வந்து சேராவிடின் சட்டகம் பாழாகும், கம்பியோ காத்திராது.

இன்ரெல் நிறுவனத்தின் பிற்காலக் கிகாபிற்றுக் கருவிகளில் குறிப்பின் நீளம் 16 பைற்று. அங்கே தலை, வால் என இரு சுட்டிகள் உள. வாலை மென்பொருளும் தலையைக் கருவியும் நகர்த்தும். இரண்டும் ஒத்திருப்பின் வளையம் வெறுமையானது என்பது பொருள். வெறுமையும் நிறைவும் ஒன்றாகத் தோன்றாதிருக்க, ஓரிடம் எப்போதும் நிரப்பப்படாது விடப்படும்.

இனி, முன்னர்க் கூறிய தீங்கிற்கு வருவோம். ஈதர்நெற் சட்டகத்தின் தரவுப் பகுதி 46 பைற்றுக்குக் குறையலாகாது. செய்தி சிறிதாயின் எஞ்சிய இடத்தைச் சுழியங்களால் நிரப்பவேண்டும். ஆயின் இயக்கி மென்பொருள்கள் சில, இடத்தை நிரப்பாது, குறிப்பிலுள்ள நீளத்தை மாத்திரம் கூட்டிவிட்டன. கருவி சொன்னவண்ணமே செய்தது: நினைவகத்தில் அங்கே எஞ்சிக் கிடந்த பழைய செய்தித் துணுக்குகளையும் சேர்த்து அயற் கணினிக்கு விடுத்தது. ஈதர்லீக் எனப் பெயர்பெற்ற இக்குறை 2003ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டது. கருவியின்மேற் பழி சுமத்துதல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

வளையம் பெரிதாயின் நன்று எனக் கருதுவதும் தவறே. மிகப் பெரிய சாதாரண சட்டகம், முன்னும் பின்னும் வேண்டிய இடைவெளியோடு, 1538 பைற்று அளவினது. 256 சட்டகங்கள் வரிசையில் நிற்பின், செக்கனுக்கு ஒரு கிகாபிற்று வேகத்தில் இறுதியில் வந்தது ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் காத்திருக்கும். அதே வளையம் 10 மெகாபிற்று வேகத்தில் இயங்கின் காத்திருப்பு ஏறத்தாழ 315 மில்லிசெக்கன். தொலைபேசி உரையாடலுக்கு இது பொறுக்கவொண்ணாத தாமதம். இதனை உணர்ந்தே, 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில், குறிப்புகளை எண்ணாது பைற்றுகளை எண்ணி வரம்பிடும் முறை புகுத்தப்பட்டது. கருவி எவ்வளவு விரைவில் விடுத்து முடிக்கின்றது என்பதைக் கண்டு, மென்பொருளே அவ்வரம்பைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும்.