உணவுச்சாலையும் காப்புறுதியும்: தெரிவு பற்றிய ஒரு விளக்கம்

காப்புறுதி என்னும் ஏற்பாட்டின் வளர்ச்சி அடுப்படியோடும் கோப்பிக் கடையோடும் நெருங்கிய தொடர்புடையது. 1666 இல் இலண்டன் மாநகரை அழித்த பெருந்தீ ஒரு வெதுப்பகத்திலிருந்தே பரவியது. அவ்வழிவின் பின்னரே கட்டடங்களுக்கான தீக் காப்புறுதி அங்கு ஒரு வணிகமாக உருப்பெற்றது. கப்பற் காப்புறுதியோ எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகரிடையே வளர்ந்தது. அவர்கள் காப்புறுதி செய்த கப்பல்களுள் அடிமைகளை ஏற்றிச் சென்றவையும் அடங்கும். எதனை, யாருடைய நலனுக்காகக் காப்பது என்ற வினா இவ்வேற்பாட்டோடு தொடக்கம் முதலே சேர்ந்து வந்துள்ளது. இலங்கையின் சிறிய, நடுத்தர உணவுச்சாலைகளை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவுச்சாலை நடத்துவோர் பலர் வங்கிக் கடன் பெறும் வேளையிலேயே முதன்முதலாகக் காப்புறுதியைப் பற்றிச் சிந்திக்கின்றனர். வங்கி கோருவது ஈடாக வைக்கப்பட்ட சொத்துக்குரிய தீக் காப்புறுதியாகும். கட்டுப்பணத்தைச் செலுத்துபவர் கடைக்காரர். ஆயினும் அழிவு நேரின் நட்டஈட்டில் முதலுரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. இதில் முறைகேடு எதுவுமில்லை. ஆனால் வங்கியின் தேவையும் உணவுச்சாலையின் தேவையும் ஒன்றல்ல என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கட்டடமும் தளபாடமும் மாத்திரம் ஓர் உணவுச்சாலை ஆகா. சமையலாளர், பரிசாரகர் ஆகியோரின் உழைப்பும், உண்பவரின் நம்பிக்கையும், அன்றாட வருவாயுமே அதனை இயங்கவைக்கின்றன. வங்கி கேட்டதோடு நின்றுவிடும் காப்புறுதி இவற்றுள் எதனையும் தொடுவதில்லை.

தீக் காப்புறுதியிற்கூட, பத்திரத்தின் வாசகத்தை நுணுகி நோக்குதல் அவசியம். பிரித்தானிய மரபைத் தழுவிய வழமையான பத்திரம் தீயையும் மின்னலையும் உள்ளடக்கும். வெடிப்பைப் பொறுத்தவரை, வீட்டுத் தேவைக்குப் பயன்படும் எரிவாயுவின் வெடிப்பையே ஏற்கும். உணவுச்சாலையின் எரிவாயுவோ வணிகத் தேவைக்குரியது. ஆகவே வெடிப்பு என்னும் ஆபத்தினைத் தெளிவான சொற்களாற் சேர்க்கும்படி கேட்டல் வேண்டும். 2021 நவெம்பர், திசெம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயுவோடு தொடர்புபட்ட வெடிப்புகள் நிகழ்ந்தமை இவ்வாபத்து வெறுங் கற்பனையன்று என்பதைக் காட்டியது. இன்னொரு விலக்கும் உண்டு. வெப்பமூட்டும் செயலுக்கு உட்படும் பொருளுக்கு அச்செயலினாலேயே நேரும் சேதத்தை அப்பத்திரம் ஏற்பதில்லை. தாச்சியிற் கொதித்துத் தீப்பற்றிய எண்ணெய்க்கு நட்டஈடு இல்லை. அத்தீ கூரைக்குப் பரவினால் கூரைக்கு உண்டு.

கலகத்தால் விளையும் தீ இவற்றினும் பாரதூரமானது. வழமையான தீக் காப்புறுதிப் பத்திரம் அதனை விலக்கிவிடுகின்றது. 1983 யூலையில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழருக்குரிய கடைகளும் உணவுச்சாலைகளும் எரிக்கப்பட்டன. 2018 பெப்புருவரியில், உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தியினால் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகம் தாக்கப்பட்டது. மாத்திரை எனப்பட்டது மாவுக் கட்டியே என்பது பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அடுப்படியில் எத்தகைய கவனம் எடுத்தாலும் இவ்வகை அழிவைத் தடுக்க இயலாது. வேலைநிறுத்தம், கலகம், குடிசார் குழப்பம் ஆகியவற்றுக்கும் பயங்கரவாதத்துக்குமான காப்பு மேலதிகக் கட்டுப்பணம் செலுத்திப் பெறப்படுவது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியம் இவ்வகைக் காப்பினை நிருவகிக்கும் பொறுப்பை ஏற்றது. சிறுபான்மையினரின் வணிகத்திற்கு இது ஆடம்பரமன்று. தம் பாதுகாப்புக்கு அரசைப் பொறுப்பாக்க வேண்டிய குடிமக்கள் அதற்கெனத் தனிவிலையும் செலுத்த நேர்வது வேறொரு கேள்வி. அதனைக் காப்புறுதி தீர்க்காது.

அடுத்து, காப்புறுதித் தொகை பற்றி நோக்குவோம். கட்டுப்பணத்தைக் குறைக்கும் எண்ணத்தோடு சொத்தின் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவது பரவலான வழக்கமாகும். சராசரி வாசகம் எனப்படும் நிபந்தனை இங்குதான் செயற்படுகின்றது. 100 இலட்சம் ரூபா பெறுமதியான சொத்தை 50 இலட்சத்திற்குக் காப்புறுதி செய்த ஒருவருக்கு 20 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தால், அவர் 10 இலட்சமே பெறுவார். சொத்தின் மறுபாதிக்கு அவரே காப்புறுதியாளராகக் கொள்ளப்படுவதே இதன் காரணம். பெறுமதியைக் குறைத்துக் கூறாதவரையும் விலையேற்றம் இந்நிலைக்குத் தள்ளக்கூடும். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 2021 இற் சரியாக மதிக்கப்பட்டிருந்த இறக்குமதிக் குளிர்சாதனப் பெட்டியும் மா பிசையும் இயந்திரமும் ஓராண்டுக்குள் குறைகாப்புறுதிக்கு உள்ளாயின. எனவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேளையிற் பெறுமதியை மீளக் கணிப்பதும், நட்டஈடு தேய்மானங் கழித்துக் கிடைக்குமா, புதிதாக வாங்கும் விலையிற் கிடைக்குமா என வினவுவதும் இன்றியமையாதன.

பொறுப்புக் காப்புறுதி பெரும்பாலும் புறக்கணிக்கப்படும் பகுதியாகும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவருக்குரிய பொதுப் பொறுப்பும், கெட்ட உணவால் நோயுற்றவருக்குரிய பொறுப்பும் வேறுவேறானவை. முன்னையதை மாத்திரம் ஏற்று, விற்ற பொருளால் விளைந்த தீங்கை விலக்கும் பத்திரங்கள் உள. உணவு விற்பவருக்கு அத்தகைய பத்திரம் பாதிப் பயனையே தரும்.

தொழிலாளர் நிலை இதனினும் கவனத்திற்குரியது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்திற்கும் மரணத்திற்கும் முதலாளியைப் பொறுப்பாக்குகின்றது. கொதிநீர், சூடான தாச்சி, வெட்டுக்கத்தி, அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றிடையே நாள் முழுவதும் நிற்பவர்களே அக்காயத்திற்கு மிக அண்மையில் உள்ளனர். இவ்வகைக் காப்புறுதியின் கட்டுப்பணம் அறிவிக்கப்பட்ட வேதனத்தின் அடிப்படையிற் கணிக்கப்படுகின்றது. பதிவேட்டிற் பெயரில்லாத உதவியாளும், உண்மைக் கூலியிலுங் குறைவாகப் பதியப்பட்ட சமையலாளும் காப்பின் வெளியிலோ விளிம்பிலோ நிற்கின்றனர். இவ்வாறு மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு விபத்தின் பின் தொழிலாளியின் குடும்பத்திடமிருந்தே பறிக்கப்படுகிறது.

வருவாய் இழப்புக் காப்புறுதி, சேதத்தின் பின் கடை மூடியிருக்கும் காலத்தின் இலாபத்தையும், தொடர்ந்து செலுத்தவேண்டிய வாடகை, வேதனம் முதலிய செலவுகளையும் ஈடுசெய்வது. ஆயினும் வழமையாக இது, காப்புறுதி செய்யப்பட்ட ஆபத்தினாற் சொத்துச் சேதம் நேர்ந்தாலன்றிச் செயற்படாது. 2020 மார்ச்சில் ஊரடங்கினால் உணவுச்சாலைகள் மூடப்பட்டபோது அடுப்புகள் உடையவில்லை. வருவாய் மாத்திரமே நின்றது. தொற்றுநோய்க்கெனத் தனி விரிவு இல்லாத பத்திரம் அவ்வேளையிற் பயன்படவில்லை.

காப்புறுதி ஒப்பந்தம் அதியுயர் நம்பிக்கையின் அடிப்படையில் அமைவது. விறகடுப்பு, ஓலைக் கூரை, சேமித்து வைக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கை முதலியவற்றை மறைத்தல் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கக்கூடும். முகவர் நிரப்பிய படிவத்திற் படியாமற் கையொப்பமிட்டவர், அதிலுள்ள பிழைக்கும் தாமே பதிலிறுக்க நேரிடலாம். ஆதலின் படிவத்தைத் தமக்கு விளங்கும் மொழியிற் கேட்பது சலுகையன்று, ஒப்பந்தக்காரரின் உரிமையாகும்.

எல்லாக் காப்பையும் வாங்கும் வசதி சிறு கடைக்காரருக்கு இல்லை. அவர் செய்யத்தக்கது ஆபத்துகளை வரிசைப்படுத்துவதே. உடைந்த கண்ணாடி, பழுதடைந்த விசிறி போன்ற சிறு இழப்புகளைத் தாமே தாங்க உடன்பட்டால் கட்டுப்பணம் குறையும். அவ்வாறு மீதமாகும் தொகையை, ஒரே நாளிற் கடையை அழிக்கவல்ல தீ, வெடிப்பு, கலகம் ஆகியவற்றுக்கும், மனித உடலுக்கு நேரும் தீங்குக்குரிய பொறுப்புகளுக்கும் செலவிடுதல் தகும். குறைந்த கட்டுப்பணம் எது என்று தொடங்கும் தெரிவு பெரும்பாலும் வங்கியை மட்டும் காப்பதில் முடிகின்றது. இக்கூரையின் கீழ் அழிவு நேரின் யார் யார் எதனை இழப்பர் என்ற வினாவிலிருந்து தொடங்கும் தெரிவே உரிமையாளரையும் தொழிலாளரையும் உண்ண வருபவரையும் ஒருங்கே கருத்திற்கொள்ளும்.