உயிர்மாய்ப்புத் தடுப்பு: யாழ்ப்பாண அனுபவமும் நமது மௌனமும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைச் செய்திகளில் ஒரு சொற்றொடர் நிலைத்துவிட்டது: 'தவறான முடிவெடுத்து உயிரிழப்பு'. தற்கொலை என்ற சொல்லைத் தலைப்பில் போடாமல் விடுவோம் என்ற நல்லெண்ணத்தில் வந்த வழக்காக இருக்கலாம். ஆனால் தமிழ் படிப்பிக்கிற எனக்கு அது உறுத்துகிறது. 'முடிவு' என்றதும், ஆற அமர இருந்து யோசித்து, இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்த ஒருவர் கண்முன் வருகிறார். 'தவறான' என்றதும் தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மருத்துவ ஆய்வுகள் காட்டுகிற ஆள் இவரல்லர். இலங்கையின் கிராமப்புற வைத்தியசாலைகளில் உயிர் தப்பியவர்களிடம் கேட்டபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த எண்ணம் உறுதிப்பட்டு அரை மணி நேரத்துக்குள்ளேயே செயற்பட்டிருந்தார்கள். ஆசுப்பத்திரியில் கண் விழித்ததும் "என்னைக் காப்பாத்துங்கோ" என்று கெஞ்சியவர்களைப் பற்றி வைத்தியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாக வேண்டும் என்பதைவிட, இந்த வேதனை நிற்க வேண்டும் என்பதே அவர்களில் பலருடைய தவிப்பு.

அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடக்க வைப்பது என்பதுதான் தடுப்பு முயற்சிகளின் அடிப்படைக் கேள்வி. அதற்கு உலகம் மேற்கோள் காட்டும் விடைகளுள் ஒன்று நமது நாட்டிலிருந்தே போனது. 1995இல் இலங்கையில் ஓராண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பீடைகொல்லிகளின் இறக்குமதியை அரசு கட்டங்கட்டமாக நிறுத்தியது. 1995, 1998, பின்னர் 2008 முதல் 2011 வரை என்று அத்தடைகள் வந்தன. வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயமும் மெய்ப்படவில்லை. "சாக நினைச்சவன் எப்பிடியும் சாவான்" என்று திண்ணையில் இருந்து சொல்வோமே, அதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

இன்னொரு முயற்சி அவ்வளவு கைகொடுக்கவில்லை. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களின் விவசாய வீடுகளுக்குப் பீடைகொல்லியைப் பூட்டி வைக்கும் பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது 2017இல் வெளியான முடிவு. திறப்பு வீட்டுக்குள்தானே இருக்கிறது! பொறுப்பை வீட்டாரின் தலையில் மட்டும் வைத்துவிட்டு அரசு ஒதுங்க முடியாது என்பதை அந்தப் பெட்டிகள் காட்டின.

யாழ்ப்பாணத்தின் கதை இதற்கும் முந்தியது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவர்கள் 1984இலேயே வடபகுதி நகரொன்றின் உயிர்மாய்ப்புகளைப் பற்றிச் சர்வதேச மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பின்னர் ஒரு விசித்திரமான உண்மையைக் கவனித்தார்: போர் உக்கிரமடைந்த காலத்தில் இங்கு உயிர்மாய்ப்பு கூடவில்லை, குறைந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் எழுதிய நூலில், போர்க்காலத்தில் சமூகம் ஒன்றோடொன்று இறுகுவதால் வீதம் குறைகிறது என்று சொல்லியிருந்தார். ஒரே பங்கருக்குள் பயந்து கிடந்தவர்களுக்கு அது விளங்கும். பொருளாதாரத் தடையால் உரமும் இரசாயனமும் வடக்குக்கு வராத காலமும் அதுவே என்பதையும் நாம் சேர்த்து யோசிக்கலாம். எப்படியானாலும், ஷெல்லடி ஓய்ந்ததும் மனம் ஓய்ந்துவிடாது. எல்லோரும் தத்தம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தனிமை தொடங்குகிறது.

நமது சமூகம் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. அதைப் பற்றி அரசியலாகவும் வரலாறாகவும் நிறைய எழுதியிருக்கிறோம். காணி, வீடு, நகை என்று இழப்புகளைக் கணக்கிட்டோம். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இரவிரவாக நித்திரை இல்லாமல் குந்தியிருந்த வாப்பாமாரின் மனதுக்கு என்ன நடந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மீளக் குடியேறிய பிறகும், புத்தளத்தில் பாதிக் குடும்பம், சோனகத் தெருவில் பாதிக் குடும்பம் என்ற நிலை பலருக்குத் தொடர்கிறது. துன்பத்தைத் தாங்கும் வலையாக இருந்த உறவு அப்படித்தான் ஓட்டை விழுகிறது.

நம்மவர்கள் மனத்துயரத்தை மனத்துயரமாகச் சொல்வதும் குறைவு. "நெஞ்சு தட்டுது", "தலையிடி", "உடம்பெல்லாம் எரியுது", "ஒண்டிலயும் மனம் போகுதில்ல" என்பார்கள். பெருமூச்சையும் ஓர் அறிகுறியாக யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெருமூச்சு விடும் உம்மாவை இதய மருத்துவரிடம் கூட்டிப்போவோம், 'ஸ்கேன்' எடுப்போம், தண்ணி ஓதிக் கொடுப்போம். உளமருத்துவர் என்றால் மட்டும் "எங்கட உம்மாவுக்கு விசரா?" என்று கோபம் வரும். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது ஆறுதல் தரும். ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த மார்க்கத்தில், மன நோய்க்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து வந்தது? கி.பி. 934இல் காலமான அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் ஆளை அமுக்கும் துயரம் வேறு என்று பிரித்தார். பின்னதில் உடலுக்கும் பங்கு உண்டு என்பது அவர் கருத்து. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் கூறுகிறது. பிரசவ வேதனையில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதையும் அது மறைக்கவில்லை. இவர்களுக்கு ஈமான் குறைவு என்று யார் சொல்வார்?

தன் உயிரைப் போக்குவது ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். முஸ்லிம் நாடுகளில் பதிவாகும் வீதம் பொதுவாகக் குறைவாக இருப்பதற்கு இந்த நம்பிக்கை ஒரு காரணமாகலாம். பதிவாகாமல் மறைக்கப்படுவது இன்னொரு காரணம். ஆனால் 'ஹராம்' என்று தெரிந்தவருக்கும் அந்த எண்ணம் வரலாம். வரும்போது அவருக்கு இரட்டைப் பாரம்: எண்ணமும் ஒன்று, இப்படி நினைத்துவிட்டேனே என்ற குற்றவுணர்வும் ஒன்று. இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியாது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சம்பவம் உண்டு. நமது குத்பாக்களில் நான் அதைக் கேட்டது அரிது. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் வந்த ஒருவர், மதீனாவின் சூழல் ஒத்துவராமல் நோயுற்று, வேதனை பொறுக்காமல் தன் கைகளைக் காயப்படுத்தி இறந்துபோனார். துஃபைல் அவரைக் கனவில் நல்ல நிலையில் காண்கிறார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டு அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது, சேதப்படுத்திய கைகளைத் தவிர. இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அந்தக் கைகளுக்காகவும் மன்னிப்பு வேண்டி துஆ செய்தார்கள். ஊரை விட்டு வந்த, நோய்ப்பட்ட ஒரு மனிதர்! இத்தகையவர் காஃபிராகிவிடுவதில்லை என்பதற்கு இமாம் நவவீ இதையே ஆதாரமாகக் கொள்கிறார். இன்னொரு சந்தர்ப்பத்தில் நபியவர்கள் தாமே தொழவைக்காமல் விட்டது உண்மை. ஆனால் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே ஷாஃபிஈ மத்ஹப் உட்பட்ட பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. மையித்து வீட்டில் கூடி நின்று நரகத் தீர்ப்பு வழங்குகிறவர்கள் இதையும் ஒருக்கால் படிக்கலாம்.

தீர்ப்புக்குப் பயந்துதான் வீடுகள் பொய் சொல்கின்றன. "வழுக்கி விழுந்திட்டார்", "மாறி எடுத்துக் குடிச்சிட்டா". இறந்தவரைப் பற்றிய பொய்யைவிட, உயிர் தப்பியவரைப் பற்றிய பொய்தான் ஆபத்து. ஏற்கெனவே ஒருமுறை முயன்றவருக்குத்தான் மற்ற எவரையும்விட அபாயம் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்து என்று சொல்லி, துண்டு வெட்டுவித்துக்கொண்டு அடுத்த நாளே வீட்டுக்குக் கூட்டி வந்தால், உளமருத்துவப் பிரிவு அவரைப் பார்க்கவே போவதில்லை. முன்பு இதற்குச் சட்டப் பயமும் இருந்தது: முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. இலங்கை 1998இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. பாகிஸ்தானும் 2022இல் நீக்கியது. பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் மனதுக்குள்ளிருந்து வருவதுமில்லை. போருக்குப் பின் வடக்கில் வீடுவீடாக வந்த நுண்கடன், வாரம் தவறாமல் படலையில் வந்து நின்ற வசூல்காரர், எத்தனை பெண்களை விளிம்புக்குத் தள்ளியது என்பது ஊரறிந்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. கடனில் மூழ்கியவருக்கு ஆலோசனை மட்டும் போதாது. ஸகாத் நிதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேட்பது எப்படி? "இப்பிடிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம்" என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் உண்டு. அது பிழை; நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது. சாதாரண தரப் பெறுபேறு வரும் வாரத்தில் பேச்சுக் குறைந்த பிள்ளையிடம், "மகன், உயிரோட இருக்க வேணாம் எண்டு நினைப்பு வருதா?" என்று கேட்கலாம். வரும் என்றால், உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தனியே விடக்கூடாது. ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்த வேண்டும். "ஆரிட்டயும் சொல்லாதீங்க சேர்" என்றாலும் அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்கக்கூடாது.

இதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்குச் சிம்பாப்வே நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே உளமருத்துவர்கள் மிகச் சிலர். டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர், பயிற்சி கொடுத்த மூதாட்டிகளைச் சுகாதார நிலையத்து மரவாங்குகளில் உட்கார்த்தி, வருகிறவர்களின் கவலையைக் கேட்கவைத்தார். மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. நமது மூத்தம்மாமாருக்கு வாங்கும் வேண்டாம், வாசற்படி போதும், பயிற்சிதான் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலையும் சேர்ந்தால் அதை ஒழுங்கு செய்ய முடியும்.

அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு, பெயர் கேட்காமல் செவிமடுக்கும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவச் சேவை இலவசம். தனியே போகத் தயங்குகிறவரோடு ராத்தாவோ நானாவோ பக்கத்து வீட்டு மாமியோ கூடப் போனால் போதும்.