நிகாஹ் தஃப்தருக்கு முன் வயதுச் சான்றிதழ்

பாகூர் கொம்யூனில் குருவிநத்தம் போன்ற ஊர்களில் வாழும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய கணக்கு இது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தனர். பெரும்பாலோர் மணமானவர்கள். ஆகவே இது முதலில் நிகாஹ் வயது பற்றிய பேச்சு.

இதைத் தடுக்க அரசு எடுத்துள்ள வழிகள் மூன்று. முதலாவது சட்டம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 18 வயதை வரம்பாக்கியது. 18 நிரம்பாத மனைவியுடன் உறவு கொள்வதும் குற்றமே என 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்தது, 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ சுகாதாரத் திட்டம். 10–19 வயதினருக்கு ஆலோசனையும், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் இதில் உண்டு. மூன்றாவது, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான 1098 உதவி எண்.

"பருவமடைந்தால் போதாதா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். அநாதைகளின் சொத்தை ஒப்படைக்கும் விஷயத்திலேயே, திருமணப் பருவத்தோடு பக்குவத்தையும் பார்க்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:6). சொத்தைக் காக்கவே பக்குவம் வேண்டுமென்றால், பிள்ளை பெற்று வளர்க்க வேண்டாமா?

ஏற்கெனவே கர்ப்பமான சிறுமியை வழக்குக்குப் பயந்து வீட்டில் மறைக்காதீர்கள். இளவயது கர்ப்பத்தில் வலிப்பு வரும் ஆபத்து அதிகம். தாமதம் உயிரைப் பறிக்கும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, தஃப்தரில் பெயர் எழுதும் முன் வயதுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.