வாடகை ஜெட் பைலட்டுக்குப் பாடம் எடுப்பது யார்?

அமெரிக்காவில் ஜெட் விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களில் பல மிகச் சிறியவை. இரண்டு மூன்று விமானங்கள், ஏழெட்டு பைலட்டுகள், ஒரு ஹேங்கர், அதன் மூலையில் ஓர் ஆபீஸ். இவர்களுக்கென்றே விமானப் போக்குவரத்து விதிகளில் 135-ஆம் பகுதி இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பைலட்டும் 12 மாதத்துக்கு ஒருமுறை எழுத்திலோ வாய்மொழியாகவோ ஒரு தேர்வும், பறந்து காட்டி இன்னொரு தேர்வும் கொடுக்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கேப்டனுக்கு 6 மாதத்துக்கு ஒரு தேர்வு தனியாக உண்டு. தேர்வென்றால் அதற்கு முன் பயிற்சி வேண்டும். மூன்று விமானம் வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்?

சொந்த விமானத்திலேயே பயிற்சி கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் பயிற்சிக்குப் போன விமானம் அன்று சம்பாதிக்காது. எரிபொருளும் தேய்மானமும் வேறு. பணத்தைவிடப் பெரிய சிக்கல், எதைக் கற்க வேண்டுமோ அதை நிஜ விமானத்தில் செய்து பார்க்க முடியாது என்பதுதான். 1967 மார்ச் 30 அன்று டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று பயிற்சிக்காக நியூ ஆர்லியன்ஸில் பறந்தது. இரண்டு எஞ்சின் போய்விட்டதுபோல் வைத்துக்கொண்டு தரையிறங்கும் பாடம். விமானம் கட்டுப்பாட்டை இழந்து குடியிருப்புகள் மேலும் ஒரு விடுதி மேலும் விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரோடு தரையில் இருந்த 13 பேரும் இறந்தார்கள். அந்த விடுதியில் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். சிமுலேட்டர் என்ற இயந்திரத்துக்கு இதைவிடப் பலமான சிபாரிசு தேவையில்லை.

உயர்ந்த தரச் சிமுலேட்டருக்கு 'லெவல் டி' என்று பெயர். அந்தந்த மாடலின் நிஜமான காக்பிட்டை அப்படியே ஓர் அறைக்குள் அமைத்து, அறையை ஆறு கால்கள் மேல் நிறுத்தியிருப்பார்கள். கால்கள் நீண்டும் சுருங்கியும் அறையை ஆட்டும். ஆனால் ஓடுபாதையில் வேகமெடுக்கும் விமானத்தை, நின்ற இடத்தை விட்டு நகராத அறை எப்படிக் காட்டும்? அறையையே மெல்லப் பின்பக்கம் சாய்த்துவிடுவார்கள். எதிரே திரையில் ஓடுபாதை நேராக விரைந்து வருவதால் சாய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. பஸ் வெடுக்கென்று கிளம்பும்போது போல முதுகு சீட்டில் அழுந்தும். வேகம் பிடிக்கிறது என்று மூளை நம்பிவிடும். பயிற்சியாளர் பின்னால் ஒரு தொடுதிரையோடு உட்கார்ந்திருப்பார். இனி நிறுத்த முடியாது, கிளம்பியே ஆக வேண்டும் என்ற அந்த வேகத்தில், பைலட்டுகள் வி-1 என்பார்களே, சரியாக அப்போது ஓர் எஞ்சினை அணைப்பார். தப்பாகச் செய்தால் காட்சியை உறைய வைத்து, விமானத்தை ஓடுபாதையின் தொடக்கத்துக்கே கொண்டுவந்து, "மறுபடி" என்பார். தகுந்த முன்னனுபவம் உள்ள ஒருவர் நிஜ விமானத்தைத் தொடாமலே ஒரு மாடலுக்கான தகுதியைப் பெற்றுவிட முடியும் என்ற அளவுக்கு இந்த இயந்திரத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. நம்புகிறது.

விலைதான் இடிக்கிறது. ஒரு சிமுலேட்டர் ஒரு கோடி டாலரை எளிதாகத் தொடும். அதனால் இது தனித் தொழிலாகவே வளர்ந்தது. பான் ஆம் நிறுவனத்தில் பைலட்டாக இருந்த ஆல்பர்ட் யூல்ச்சி 1951-இல் நியூயார்க் லகார்டியாவில் தொடங்கிய ஃப்ளைட் சேஃப்டி இன்று இத்துறையில் பெரிய பெயர். 1996-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே அதை வாங்கியது. கனடாவின் சி.ஏ.இ. இன்னொரு பெரிய கை. இப்படிப்பட்ட மையங்களுக்கு எஃப்.ஏ.ஏ. கொடுக்கும் சான்றுதான் 142-ஆம் பகுதிச் சான்று. வாடகை விமான நிறுவனம் தன் பயிற்சியை ஒப்பந்தத்தில் வெளியே கொடுக்கலாம், ஆனால் 142 சான்றுள்ள மையத்துக்கோ, 135 சான்றுள்ள இன்னொரு நிறுவனத்துக்கோ மட்டுமே என்று விதி சொல்கிறது. தெரிந்த பைலட் ஒருவரைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்ல முடியாது.

மையத்தில் முதலில் வகுப்பறை, பிறகு சிமுலேட்டர், பெரும்பாலும் இருவராகச் சேர்ந்து நாலு மணி நேரம், ஆளுக்கு இரண்டு மணி வீதம் முதன்மைப் பொறுப்பு, கடைசியில் தேர்வு. தேர்வு நடத்துபவர் மையத்தின் ஊழியர்தான், அதற்கு எஃப்.ஏ.ஏ. அனுமதி பெற்றவர். சிமுலேட்டர் இரவு பகலாக ஓடும் என்பதால் நள்ளிரவு இரண்டு மணிக்கும் இடம் கிடைக்கும். யாரும் விரும்பி வாங்குவதில்லை. தேர்வு விழ வேண்டிய மாதத்துக்கு 'பேஸ் மந்த்' என்று பெயர். அதற்கு ஒரு மாதம் முன்னோ பின்னோ முடித்தாலும் அந்த மாதத்தில் முடித்த கணக்குத்தான். சிறு நிறுவனங்கள் கால அட்டவணை போடுவதே இந்தச் சலுகையை வைத்துத்தான்.

வெளியே போகாத வேலைகளும் உண்டு. நிறுவனத்தின் கையேடும் அதற்கென்று கொடுக்கப்பட்ட அனுமதிகளும் என்ன சொல்கின்றன என்ற அறிமுகப் பாடம் நிறுவனத்துடையது. கேப்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் லைன் செக், நிஜ விமானத்தில் நிஜமான பாதையில்தான் நடக்க வேண்டும். சிமுலேட்டரில் இருக்கும் திரைகளும் உங்கள் விமானத்தில் இருப்பவையும் வேறு வேறு தலைமுறையாக இருந்தால், அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதும் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் எங்கே என்பதற்கு 2017 மே 15-இல் நடந்ததைப் பார்க்கலாம். பிலடெல்பியாவிலிருந்து நியூ ஜெர்சியின் டீட்டர்பரோவுக்குப் பயணிகள் இல்லாமல் ஒரு லியர்ஜெட் 35ஏ கிளம்பியது. காற்று பலமாக அடித்ததால், 6-ஆம் ஓடுபாதையை நோக்கிக் கருவிகளின் உதவியோடு வந்து, பிறகு தாழ்வாகவே சுற்றிப்போய் 1-ஆம் ஓடுபாதையில் இறங்க வேண்டும். தாழ்வு, குறைந்த வேகம், திருப்பம் மூன்றும் ஒன்றாகச் சேரும் வேலை இது. திருப்பத்தைத் தாமதமாகத் தொடங்கினார்கள், இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன, விமானம் விழுந்து அதில் இருந்த பைலட்டுகள் இருவரும் இறந்தார்கள். விமானத்தை ஓட்டிவந்தவர் துணை விமானி. அவரை ஓட்ட விடக்கூடாது என்று அந்த நிறுவனத்தின் சொந்த விதியே சொன்னது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தோண்டிப் பார்த்தது. இருவரும் வெளி மையத்தில் பயிற்சி பெற்றவர்கள். முதல் பயிற்சியில் இருவருமே தடுமாறியிருந்தார்கள். தடுமாறிய இடங்களில் இப்படிச் சுற்றி இறங்குவதும் ஒன்று. கடைசியில் தேறிவிட்டார்கள். தடுமாறியவர்களைப் பின்தொடர்ந்து கவனிக்க நிறுவனத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. அப்படி ஓர் ஏற்பாட்டை 135 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாரியம் எஃப்.ஏ.ஏ.வுக்குப் பரிந்துரைத்தது.

இதில் மையத்தை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டாரா என்று பார்ப்பதுதான் மையத்தின் வேலை. முதல் முயற்சியிலேயே தொட்டவரும், கூடுதல் அமர்வுகள் எடுத்து நாலாவது முயற்சியில் தொட்டவரும் வாங்கி வரும் சான்று ஒன்றேதான். வித்தியாசம் அமர்வுக் குறிப்புகளில் இருக்கும். அந்த பைலட்டோடு தினமும் பறப்பவர் யாரும் மையத்தில் இல்லை. அவரை யாரோடு ஜோடி சேர்ப்பது, எந்த வானிலையில் எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பவர் நிறுவனத்தின் தலைமை பைலட். குறிப்புகளைப் படிக்க வேண்டியவரும் அவர்தான்.

இன்னொன்று ஜோடி. தனியாளாக அனுப்பினால், பக்கத்துச் சீட்டில் வேறு நிறுவனத்தின் பைலட்டோ மையத்தின் ஆளோ உட்காருவார். அவர் சொல்லும் அழைப்புகளும் செக்லிஸ்டைப் படிக்கும் முறையும் வேறாக இருக்கும். எஞ்சினை அணைத்துக் காட்டும் பயிற்சிக்கு அது பெரிய குறையில்லை; இரண்டு பேர் ஒரே குழுவாக வேலை செய்யக் கற்பதற்கு அது உதவாது.

ஆகவே நிறுவனம் நடத்துபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கையேட்டின்படியும் செக்லிஸ்டின்படியும்தான் பாடம் நடக்குமா? உங்கள் பைலட்டுகள் இருவரை ஒரே ஜோடியாக எடுத்துக்கொள்வார்களா? உங்கள் ஆள் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? தேர்வு முடிந்ததும் சான்றோடு ஒவ்வொரு அமர்வின் குறிப்பும் உங்கள் கைக்கு வருமா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு மையத்தைப் பாருங்கள்.