முதலில் பிரேக், அப்புறம்தான் இன்ஜின்

பல வருடம் ஷெட்டில் நின்ற காரை வெளியே எடுக்க முடிவு செய்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். புது பேட்டரி மாட்டுவார்கள், ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றுவார்கள், சாவியைத் திருப்புவார்கள். ‘ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. இருபது வருடம் சும்மா நின்றதால் வராத சேதம், அந்த ஒரு செல்ஃபில் வந்துவிடும் என்பதே என் வாதம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வீட்டுப் பின்கட்டிலோ டேனரிக் கொட்டகையிலோ ஒரு அம்பாசிடரையோ பியட்டையோ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டும். உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. அவசரத்தில் ஒரு இன்ஜினைக் கெடுத்தால், கம்பெனியிலிருந்து இன்னொன்று வரப்போவதில்லை.

இன்ஜின் நிற்கும்போது நான்கு சிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு திறந்தபடிதான் நிற்கும். அந்த வழியாக மழைக்கால ஈரக்காற்று உள்ளே போகும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்திருக்கும். பிஸ்டன் ரிங் தொடும் இடத்தில் வட்டமாகத் துரு ஏறி, ரிங்கும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் இழுத்தால் ரிங் உடையலாம், சுவரில் கோடு விழலாம். டேனரியில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விறைத்துக் காய்ந்த உப்புத் தோலை வந்தவுடன் யாரும் மடக்கிப் பார்ப்பதில்லை. ஊறப்போடுவதுதான் முதல் வேலை. இன்ஜினையும் ஊறப்போட வேண்டும். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றிவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் தொடாமல் இருக்க வேண்டும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கால் சுற்று சுற்றிப் பார்க்கலாம். அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் இரண்டு நாள். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அழுத்துவது மட்டும் கூடாது.

வேலூர் வட்டாரத்தின் வறண்ட வெயில் சென்னைக் கடற்காற்றைவிடத் தகரத்துக்கு நல்லது, ரப்பருக்குக் கெட்டது. ஆனால் தோல் ஊர்களில் இந்தக் கணக்கு மாறும். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, தோலை உதறும்போது தூளாகக் கொட்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தோல் அடுக்கும் கிடங்கின் ஓரத்தில் நின்ற கார் மேலே பளபளவென்று இருந்தாலும் அடியில் அரித்திருக்கக்கூடும். அம்பாசிடருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடும்தான் அதன் பலம். அந்தத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். பல இடத்தில் உள்ளே இறங்கினால் இன்ஜினுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. சல்பைடு கழிவிலிருந்து எழும் வாயு செம்பைக் கறுக்கவைக்கும் என்பதால், எர்த் இணைப்புகளையும் பாயிண்டையும் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது.

ஓடாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத கார்தான் ஆளைக் கொல்லும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாக நெம்பினால், உள்ளே எண்ணெய்க்குப் பதில் பழுப்பு நிறத்தில் ஒரு சேறு இருக்கும். அதன் நடுவே பிஸ்டன் இறுகிப் போயிருக்கும். இப்படி ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காமல் போனால், நெடுஞ்சாலையில் அழுத்திய நொடியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. ஆகவே வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாம் புதிதாக வேண்டும். டயரையும் பட்டன் ஆழத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1409 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. அது ஷெட்டுக்குள்ளே தள்ளிப் பார்க்க மட்டும் உதவும்.

ஓடுமா என்றே தெரியாத வண்டிக்கு பிரேக் செலவு எதற்கு என்று மெக்கானிக்குகள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இன்ஜினின் நிலையை அறிய அதை ஓடவிட வேண்டியதில்லை. கையால் சுற்றி இளகியபின் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தால் நான்கு சிலிண்டரின் கதையும் தெரிந்துவிடும். ‘அந்தக் காலத்து இரும்பு, நாங்கள் இப்படியே எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்களும் உண்டு. ஆகியிருக்கும், சில நூறு கிலோமீட்டர் கழித்துப் புகையாகவும் ஆயில் குடிப்பதாகவும் தெரிந்திருக்கும், பழி வண்டியின் வயதுமேல் போயிருக்கும். பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், டேங்கின் துருவைக் கிளப்பிக் கார்புரேட்டர் ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். அதனால் டேங்கை இறக்கிக் கழுவி, ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றுவதற்கு முன் சொட்டுப் பெட்ரோல்கூட ஊற்ற வேண்டாம்.

இவ்வளவு செலவுக்குப் பழைய இரும்புக்கே போடலாமே என்பது கனமான கேள்வி. தினமும் ஆபீஸ் போக வண்டி வேண்டுமென்றால் போட்டுவிடுவதே சரி. பழைய கார்புரேட்டர் இன்ஜினின் புகை இன்றைய காரின் புகையைவிட மோசமானது, சட்டமும் அப்படியே பார்க்கிறது. 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும்; 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அதன் கட்டணம் 10,000 ரூபாய். 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 விதிகள் விண்டேஜ் பதிவு தருகின்றன. ஆனால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். மாதம் ஒருமுறை ஊரைச் சுற்றிவர, ஒரு தலைமுறையின் கைவேலையைக் காப்பாற்ற என்றால், நான் மீட்பவர் பக்கம்தான். ஒரே நிபந்தனை, இறக்கிய ஆயிலையும் கெட்ட பெட்ரோலையும் மண்ணில் ஊற்றக் கூடாது. மாசு செய்தவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது, இந்த மண்ணின் டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். பாலாற்றங்கரைக் கிணறுகளின் நிலை ஊருக்கே தெரியும். முதன்முறை இன்ஜின் பத்து நிமிடம் ஓடி நின்றதும், சூடு ஆறுவதற்குள் ஆயிலை மறுபடி இறக்கிவிட வேண்டும். வருடக்கணக்காகப் படிந்த கசடு அதில்தான் கரைந்து வரும். அதையும் கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சுத்திகரிக்க உரிமம் உள்ளவர்களிடமே கொடுக்க வேண்டும்.