வளர்வதைக் கொன்று, வளராததைப் பொறுக்கும் முறை

விதைக்கும் முன் வயலுக்கு நீர் பாய்ச்சி, களைகளை முளைக்க விட்டு, பின்னர் உழுது அழிப்பது உழவர்கள் நன்கறிந்த முறை. முளைத்த களை மடியும். மண்ணுக்குள் உறங்கும் விதை தப்பிவிடும். தப்பிய விதை உழவருக்குத் தொல்லை. நுண்ணுயிர் ஆய்வாளர்களோ இதே உண்மையைக் கொண்டு தமக்கு வேண்டிய அரிய உயிர்களைப் பிரித்தெடுக்கின்றனர். அம்முறையையும், அதிலிருந்து உழவரும் கோழி வளர்ப்போரும் அறிய வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

வெப்பம் தாங்காத வகைகள்

கள்ளைப் புளிக்க வைப்பதும், ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் ஈஸ்ட் என்னும் ஒற்றை உயிரணு நுண்ணுயிராகும். இது 23 டிகிரி சென்டிகிரேடிலும் வளரும். 36 டிகிரியிலும் வளரும். இதன் ஜீன் ஒன்றில் திடீர் மாற்றம் ஏற்பட்டால், அந்த ஜீன் உருவாக்கும் புரதம் உறுதி குறைந்ததாக அமையக்கூடும். குளிர்ந்த நிலையில் அது வேலை செய்யும். வெப்பம் கூடினால் உருக்குலைந்துவிடும். அப்புரதம் வாழ்வுக்கு இன்றியமையாததாயின் 36 டிகிரியில் ஈஸ்டின் வளர்ச்சி நின்றுவிடும்.

இன்றியமையாத ஜீனை அடியோடு அழித்தால் உயிரே மடியும். ஆராய எதுவும் மிஞ்சாது. வெப்பம் தாங்காத வகையையோ குளிரில் பெருக்கி, வெப்பத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அமெரிக்க அறிஞர் லேலண்ட் ஹார்ட்வெல் 1967-இல் இத்தகைய ஈஸ்ட் வகைகள் சுமார் 400-ஐப் பிரித்தெடுத்தார். பின்னர் இவ்வழியில் உயிரணுப் பிரிதலை ஆளும் ஜீன்களைக் கண்டறிந்து, 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மருந்தால் பொறுக்கும் முறை

இத்தகைய வகைகள் மிக அரியவை. ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்றது. இதற்கான உபாயத்தை 1948-இல் டேவிஸ் என்பவரும், லெடர்பர்க், சிண்டர் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். பெனிசிலின் மருந்து பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. எனவே வளரும் பாக்டீரியா வெடித்து மடியும். வளராமல் நிற்பது பிழைக்கும்.

ஈஸ்டின் சுவர் வேறு வகையானது. அதனிடம் பெனிசிலின் பலிக்காது. 1966-இல் ஸ்னோ என்பவர், ஊட்டச்சத்துக் குறையுள்ள ஈஸ்ட் வகைகளைப் பொறுக்க நிஸ்டாட்டின் மருந்தைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் ஒரு பால் பண்ணையின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து இது. இந்த உபாயமே வெப்பம் தாங்காத வகைகளுக்கும் பொருந்தும்:

1. புற ஊதாக் கதிர் அல்லது இரசாயனத்தால் திடீர் மாற்றத்தைத் தூண்டி, ஈஸ்டைக் குளிர்ந்த நிலையில் வளர விடவேண்டும்.

2. சத்து நிறைந்த கரைசலில் வைத்து வெப்பத்தை 36 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். இயல்பான ஈஸ்ட் தொடர்ந்து வளரும். வெப்பம் தாங்காதது நின்றுவிடும்.

3. இந்நிலையில் மருந்தைச் சேர்க்க வேண்டும். வளர்வனவற்றில் பெரும்பாலானவை மடியும்.

4. மருந்தைக் கழுவி நீக்கி, எஞ்சியவற்றை மீண்டும் குளிர்ந்த நிலையில் வளர்க்க வேண்டும்.

5. ஒவ்வொன்றையும் இரு தட்டுகளில் பதித்து, ஒன்றைக் குளிரிலும் மற்றதை வெப்பத்திலும் வைக்க வேண்டும். குளிரில் மட்டும் வளர்வதே நாம் தேடியது.

ஐந்தாவது படியை விட்டுவிடக் கூடாது. தற்செயலாக உறங்கியிருந்தவையும், மருந்தையே எதிர்க்கும் திறன் பெற்றவையும் தப்பியவற்றுள் கலந்திருக்கும். மருந்து நெடுநேரம் இருந்தாலோ வேண்டியவையும் மடிந்துவிடும்.

கோழிகளுக்கு ஒரு காப்பு

கோழிகளின் நாட்பட்ட சுவாச நோய்க்கு மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் காரணமாகும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதில் இரசாயனத்தால் திடீர் மாற்றத்தைத் தூண்டி, 33 டிகிரியில் நன்கு வளர்ந்து 39.5 டிகிரியில் தடைப்படும் வகையைத் தேர்ந்தெடுத்தனர். டி.எஸ்.11 எனப்படும் இது, கண்ணில் சொட்டாக இடப்படும் உயிருள்ள தடுப்பு மருந்து. உடலின் உட்புறத்தைவிடக் குளிர்ந்த மேல் சுவாசப் பாதையில் தங்கி, நோய் எதிர்ப்பை உண்டாக்குகிறது. உயிருள்ள மைக்கோபிளாஸ்மா தடுப்பு மருந்து இடும் நாட்களில் அந்நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுத்தால் தடுப்பு மருந்தும் வீணாகும். எனவே கால்நடை மருத்துவரைக் கலந்தே எதையும் செய்தல் வேண்டும்.

வயலுக்கு உரிய பாடம்

சோதனைக் குழாயைப் போலவே வயலிலும் மருந்துக்கு இரு வகையினர் தப்புகின்றனர்.

முதல் வகை, உறங்குபவை. மண்ணுள் கிடக்கும் கோரைக் கிழங்கும் முளைக்காத விதையும் இவ்வகையின. இவற்றுக்கு மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை. முளைத்த பின் மறுமுறை களையெடுப்பதே வழி.

இரண்டாம் வகை, எதிர்ப்பவை. அரியானாவில் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்னும் ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்து வந்தனர். 1990-களின் தொடக்கத்தில் ‘குல்லி தண்டா’ என்னும் களை அதற்கு மடியாமல் நின்றது. மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை. கூட்டத்தில் முன்பே அரிதாக இருந்ததைப் பொறுக்கியெடுத்துப் பெருக இடம் தந்தது.

எனவே உழவர்கள், செயல்படும் விதத்தில் வேறுபட்ட மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். பெயர் மட்டும் வேறாக இருந்தால் போதாது. பயிர்ச் சுழற்சியைக் கடைப்பிடிப்பதுடன், தெளித்த பின் தப்பி நிற்கும் களைகளை விதை உதிருமுன் கையால் பிடுங்கி அழித்திடல் வேண்டும். ஆய்வாளர் தப்பியதைப் போற்றி வளர்க்கிறார். நாம் வயலில் அதற்கு இடம் தரலாகாது.