தங்கவயலின் இரவு ஷிப்ட்

சுரங்கம் மூடிய பிறகும் தூக்கம் கலைகிறது. காரணம் சங்கு அல்ல, ஒரு சுரப்பி.

கோலார் தங்கவயலில் ஷிப்ட்டுக்கு அழைத்த சங்கு 2001 பிப்ரவரி 28ல் ஓய்ந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அன்று வேலையை நிறுத்தியபோது நாற்பதைத் தொட்டிருந்த தொழிலாளிக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் ஆண்களை இரவில் மூன்று, நான்கு முறை எழுப்பிவிடுவது சிறுநீர்ப்பை. பழைய லைன் வீடுகள் கட்டப்பட்டபோது உள்ளே கழிப்பறை வைக்கவில்லை, பொதுக் கழிப்பறைதான். எனவே இருட்டில் நடை. ஏன் என்று கேட்டால் ‘வயசாச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும், மனைவியிடம்கூட.

வயது பாதி உண்மைதான். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் எடை இளமையில் சுமார் 20 கிராம். நாற்பதுக்குமேல் அது வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வீக்கம் உண்டு. எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. தொல்லை வந்தால் சிறுநீர் மெலிந்து வரும், தொடங்கத் தாமதிக்கும், முழுதும் போகாத உணர்வு இருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே வரலாம் என்பதால்தான் டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் சோதிக்கிறார். அதற்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்கள் ஏராளம். ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மீதிப் பாதி தொப்பையிலும் நாற்காலியிலும் இருக்கிறது. உடல் பருமன், சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை மூன்றும் வீக்கத்தோடு தொடர்புடையவை. அமெரிக்க மருத்துவத் துறை ஆண்களிடம் நடந்து 1998ல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு மூன்று மணி நேரம் நடந்தவர்களுக்கு இந்தத் தொல்லை 25 சதவீதம் குறைவு. பாறையைத் துளைத்த உடம்புக்கு நடை ஒரு பொருட்டல்ல. ஆனால் சுரங்கம் மூடிய பின் உழைப்பின் தன்மையே மாறிவிட்டது. மாரிக்குப்பத்தில் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் போய்க் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தவரும் உண்டு.

ரயில் பயணத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது தவறான சிக்கனம். அடர்ந்த சிறுநீர் பையை மேலும் எரிச்சலூட்டும். பகலில் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துவதே சரி. மாலைக்குமேல் டீ, காபி வேண்டாம். மிதமாக மது அருந்துவோரிடம் வீக்கம் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வதைக் ‘குடி’மக்கள் கொண்டாட வேண்டியதில்லை, இரவில் எழுந்து நடப்பதை அது கூட்டும்.

உண்மையான ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் ஒளிந்திருக்கிறது. அதில் உள்ள சில மருந்துகள் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரையே அடைத்துவிடும்; பிறகு டியூப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். அதைவிட மோசம், பையில் தேங்கும் சிறுநீர் வலியே இல்லாமல் சிறுநீரகத்தைக் கெடுப்பது. ‘வயசாச்சு’ என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

வைத்தியம் உண்டு. டாம்சுலோசின் தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே வழிவிடும். 1992ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இரண்டும் பலிக்காவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள்.

டாம்சுலோசின் தொடங்கிய புதிதில் எழுந்ததும் தலை சுற்றலாம். இருட்டில் வெளியே போக வேண்டிய லைன் வீட்டுக்காரர் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.